அம்மாயி ஏன் பஸ் ஏறலை? - இடுப்புத்தளப் பயிற்சியின் கதை

சேந்தமங்கலம்னு சொன்னதும் கோப்பெருஞ்சிங்கன் கோட்டைன்னு கிளம்பி வந்துடாதீங்க மக்களே. அது உளுந்தூர்பேட்டை பக்கத்துச் சேந்தமங்கலம். எங்களுது நாமக்கல் பக்கம், கொல்லிமலை அடிவாரம். இந்த வரலாற்றுல ராஜாவும் இல்லை, கல்வெட்டும் இல்லை. எங்க அம்மாயிதான் இருக்கு.

அம்மாயிக்கு நாலு பிள்ளைங்க, நாலும் வீட்டுலயே பிறந்தது. கடைசிப் பிள்ளை பிறந்த பதினஞ்சாம் நாள் குச்சிக்கிழங்கு புடுங்கப் போயிருச்சாம் (மரவள்ளியை எங்க ஊர்ல அப்படித்தான் சொல்லுவோம்). எனக்கு நினைவு தெரிஞ்ச நாள்ல இருந்து நாமக்கல் ஆஞ்சநேயர் கோயிலுக்குக் கூப்பிட்டா "நீங்க போய்ட்டு வாங்க சாமி"ன்னுரும். அரை மணி நேர பஸ்தான். தட்ட முடியாத கல்யாணம்னா முந்தின நாள் ராத்திரியில இருந்தே தண்ணி குடிக்காது. தும்மல் வந்தா காலைப் பின்னிக்கிட்டு செவுத்தைப் புடிச்சுக்கும். பேரன் பேத்தி எல்லாம் சேர்ந்து சிரிச்சிருக்கோம். போன வருஷம் எனக்குக் குழந்தை பிறந்து, நானே தும்முறதுக்குப் பயந்தப்பதான் மெதுவா சொல்லுச்சு: "எனக்கு அடி தள்ளி நாப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு கண்ணு."

என்னை டாக்டர் ஒரு பிசியோதெரபிஸ்ட்கிட்ட அனுப்பினாங்க. கை கால் சுளுக்குக்குத்தானே பிசியோன்னு நினைச்சுக்கிட்டே போனேன். இடுப்பெலும்புக்குள்ள முன்பக்க எலும்புல இருந்து பின்னாடி வால் எலும்பு வரைக்கும், தூளி கட்டின மாதிரி தசைகள் தொங்குது. மூத்திரப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூணையும் அதுதான் கீழ இருந்து தாங்குது. பிரசவத்துல தூளி இழுபட்டுத் தளர்ந்தா இருமல், தும்மல், சிரிப்புக்கு மூத்திரம் கசியும். ரொம்பத் தளர்ந்தா கர்ப்பப்பையே கீழ இறங்கும். பிரசவிச்ச பெண்கள்ல ஏறக்குறைய மூணுல ஒருத்தருக்கு இந்தக் கசிவு இருக்குன்னு அவங்க சொன்னப்பதான் அழுகை நின்னுது.

இனி வரலாறு. எந்த கோடைப் பார்த்தாலும் முதல்ல எழுதினது யாருன்னு தேடுற பொட்டி தட்டுற புத்தி நமக்கு. தேடினா எல்லாரும் கீகல் கீகல்ங்கிறாங்க. ஆனா அவருக்கு முன்னாடியே ரெண்டு பெண்கள் இருக்காங்க.

லண்டன் செயின்ட் தாமஸ் மருத்துவமனையில பிசியோதெரபி பள்ளிக்குத் தலைமை வகிச்சவங்க மின்னி ராண்டெல். பிரசவிச்ச பெண்களைப் படுக்கையை விட்டு அசையவிடாத காலத்துல, படுத்தபடியே செய்யுற பயிற்சிகளை வகுத்தவங்க. இன்னொருத்தர் மார்கரெட் மாரிஸ், நடனக் கலைஞர். உடம்பு அசையறதைத் தாள்ல எழுதி வைக்க சொந்தமா ஒரு குறியீட்டு முறையையே உருவாக்கி 1928-இல் வெளியிட்டவங்க. அப்புறம் அதே மருத்துவமனையில படிச்சு 1930-இல் பிசியோதெரபி தேர்விலும் தேறினாங்க. 1936-இல் ரெண்டு பேரும் சேர்ந்து மகப்பேற்றுப் பயிற்சிகள் பத்தி எழுதினாங்க. இடுப்புத்தளத் தசையை இறுக்கித் தளர்த்துனா கசிவைத் தடுக்கலாம், குணமாக்கலாம்னு அப்பவே சொல்லியாச்சு.

1948-இல்தான் லாஸ் ஏஞ்சல்ஸ் மருத்துவர் ஆர்னால்ட் கீகல் வர்றார். பேர் அவருக்குப் போயிருச்சு. (நாம கோடு எழுத, மேனேஜர் டெமோ கொடுக்கிற கதைதான் :-)) ஆனா அவரைக் குறை சொல்லவும் மனசு வரலை. பெரினியோமீட்டர்னு ஒரு கருவி செஞ்சார். உள்ளே ஒரு ரப்பர் பகுதி, வெளியே ரத்த அழுத்தக் கருவியில இருக்குற மாதிரி ஒரு முள். சரியான தசையை இறுக்கினா முள் ஏறும், தப்பா இறுக்கினா ஏறாது. கண்ணுக்குத் தெரியாத ஒரு தசையை அந்தப் பெண்ணே பார்க்கிற மாதிரி பண்ணிட்டார்.

அது எவ்வளவு முக்கியம்னு 1991-இல் அமெரிக்காவில வந்த ஒரு ஆய்வு காட்டுச்சு. 47 பெண்களுக்கு வாயால மட்டும் விளக்கிட்டுச் செய்யச் சொன்னாங்க. சரியா செஞ்சவங்க 23 பேர். 12 பேர் செஞ்ச விதம் கசிவை இன்னும் கூட்டுற மாதிரி, கீழ்நோக்கி முக்குறது! யூட்யூப் பார்த்துக் கத்துக்கிறவங்க இதைக் கொஞ்சம் யோசிங்க. 1999-இல் நார்வேயின் காரி பொ குழுவினர் மின்தூண்டல், எடைக் கூம்பு, பயிற்சி மூணையும் ஒப்பிட்டப்ப, ஆள் வச்சுச் சொல்லிக்கொடுத்த பயிற்சிதான் ஜெயிச்சது. இடையில கர்ப்பப்பை இறக்கத்துக்கு உள்வழியா வலை வச்சுத் தைக்கிற ஃபேஷன் வேற வந்துச்சு. எத்தனையோ பெண்கள் வலியில துடிச்ச பிறகு, அந்த வலைகளோட விற்பனையை 2019-இல் அமெரிக்கா நிறுத்துச்சு.

சரி, நம்ம ஊருக்கு இது ஏன் வரலை? யோகத்துல மூலபந்தம்னு இந்தத் தசையை இறுக்குற முறை ஹடயோக பிரதீபிகையிலேயே இருக்கு. உடனே "நாங்க அப்பவே..."ன்னு ஆரம்பிக்காதீங்க. அது யோகிகளுக்கு எழுதினது. கிழங்குக் காட்டுல நின்ன அம்மாயிக்கு யாரும் சொல்லலை. 1950களோட தொடக்கத்துல பம்பாய் கேஇஎம் மருத்துவமனையில பிசியோதெரபி பள்ளி வந்தப்ப முன்னால நின்னது போலியோ. கர்ப்பப்பை இறக்கம் அறுவை மருத்துவர்கள் கைக்குப் போச்சு. ஷிரோத்கர், புரந்தரே ரெண்டு பேருமே தங்கள் பேரால சிகிச்சை முறை விட்டுப்போன மேதைகள்தான். ஆனா கத்தி வரைக்கும் போய்ச் சேர்ந்தவங்களுக்குத்தானே அது?

போகாதவங்களைத் தேடிப்போனது தமிழ்நாட்டுல ஒரு சின்ன அமைப்பு. செங்கல்பட்டு பக்கத்துக் கிராமங்களைச் சேர்ந்த 12 தலித் பெண்களும் டி.கே.சுந்தரி ரவீந்திரனும் 1981-இல் தொடங்கின ரூவ்செக். பெண்களோட உட்கார்ந்து பேசி, அடி இறங்கின அனுபவத்தை அவங்க வாயாலேயே கேட்டு 1999-இல் ஆய்வா வெளியிட்டாங்க. பிரசவிச்ச கையோட வேலைக்குப் போனது, வருஷக்கணக்கா யார்கிட்டயும் சொல்லாம இருந்தது... படிக்கப் படிக்க எனக்கு எங்க வீட்டுத் திண்ணைதான் தெரிஞ்சுது.

தெரிஞ்சுக்க வேண்டியது கொஞ்சம்தான். காத்தையும் மூத்திரத்தையும் ஒண்ணா அடக்குற மாதிரி, உள்ளே மேல்நோக்கி இழுக்கணும். மூச்சை அடக்கக்கூடாது. மூத்திரம் போகும்போதே நிறுத்தி நிறுத்திப் பயிற்சி செய்யக்கூடாது. பிரிட்டிஷ் வழிகாட்டுதல்படி ஒரு தடவைக்கு எட்டாவது, நாளைக்கு மூணு தடவை, குறைஞ்சது மூணு மாசம். ஒரு தடவையாவது பிசியோ சரிபார்க்கணும். சிலருக்குத் தசை தளர்ந்திருக்காது, இறுகிப்போய் வலிக்கும். அவங்க இன்னும் இறுக்கினா கெடுதல், தளர்த்தத்தான் கத்துக்கணும். ரொம்ப இறங்கிட்டா பயிற்சி மட்டும் தூக்கி நிறுத்தாது. வளையமோ அறுவையோ வேணும்.

தை மாசம் அம்மாயியைக் கூட்டிட்டுப் போனோம். வளையம் வச்சாங்க, பயிற்சியும் சொல்லிக்கொடுத்தாங்க. வர்ற வழியில "இதை எப்ப கண்டுபுடிச்சாங்க கண்ணு?"ன்னு கேட்டுச்சு. 1936-ன்னேன். அம்மாயி பிறந்தது 1949.

"நான் பொறக்கறதுக்கு முன்னாடியேவா?"ன்னுச்சு. அப்புறம் சேந்தமங்கலம் வர்ற வரைக்கும் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துக்கிச்சு.