ஒரு கிளாஸ் ஜூஸ், ஐந்து மடங்கு மருந்து

இன்னைக்குக் கதை ஒரு வீட்டு ஃப்ரிட்ஜில் ஆரம்பிக்குது.

1980களின் கடைசி. ஊர் லண்டன். இங்கிலாந்து லண்டன் இல்லீங்க, கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் இருக்கிற லண்டன். அங்கே டேவிட் பெய்லின்னு ஒரு மருந்தியல் ஆய்வாளர். ஒரு மைல் தூரத்தை 4 நிமிஷத்துக்குள் ஓடிய முதல் கனடாக்காரரும் இவர்தான், 1966இல்.

அவருடைய கேள்வி ரொம்பச் சாதாரணமானது. ரத்த அழுத்தத்துக்கான ஃபெலோடிபின் மாத்திரையோடு மது சேர்ந்தால் என்ன ஆகும்? தனக்குக் கொடுத்த கிளாஸில் மது இருக்கா, இல்லையா என்பது சோதனைக்கு வந்தவருக்குத் தெரியக் கூடாது. அதனால் மதுவின் ருசியை மறைக்கணும். ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வீட்டு ஃப்ரிட்ஜில் இருந்த ஜூஸ் ஒவ்வொன்றையும் சோதித்துப் பார்த்தார்கள். ஜெயித்தது கிரேப்ஃப்ரூட் ஜூஸ்.

பேரில்தான் திராட்சை. உண்மையில் இது நம்ம பம்பளிமாஸும் ஆரஞ்சும் கலந்து பிறந்த பழம். பிறந்த இடம் கரீபியன் தீவான பார்படாஸ்.

சோதனை முடிந்தது. குழப்பம் ஆரம்பித்தது. மது குடித்தவர், குடிக்காதவர், ரெண்டு பேர் ரத்தத்திலும் மருந்தின் அளவு மற்ற ஆய்வுகளில் வந்ததைவிடப் பல மடங்கு அதிகம். அளந்ததில் தப்பா? அதுவும் இல்லை. ரெண்டு பேருக்கும் பொதுவாக இருந்தது அந்த ஜூஸ் மட்டும்தான்.

பெய்லி தன்னையே சோதித்தார். ஒரு முறை தண்ணீரோடு மாத்திரை, இன்னொரு முறை ஜூஸோடு. ஜூஸ் குடித்தபோது ரத்தத்தில் மருந்து சுமார் 5 மடங்கு! 1991இல் லான்செட் இதழில் கட்டுரை வந்தது. 6 ஆண்களிடம் சோதித்ததில் சராசரியாக 2.8 மடங்கு. ஆரஞ்சு ஜூஸால் எந்த மாற்றமும் இல்லை.

ஏன் இப்படி? ஃபெலோடிபின் 100 பங்கு விழுங்கினால், சுமார் 15 பங்குதான் ரத்தத்தில் சேரும். மீதியைக் குடல் சுவரிலும் கல்லீரலிலும் இருக்கும் சிஒய்பி3ஏ4 என்ற நொதி உடைத்துவிடும். இந்த இழப்பையும் கணக்கில் வைத்துத்தான் மாத்திரையின் அளவை முடிவு செய்கிறார்கள். கிரேப்ஃப்ரூட்டில் இருக்கும் ஃபியூரானோகூமரின்கள் குடலில் இருக்கும் அந்த நொதியை ஒரேயடியாகச் செயலிழக்க வைக்கின்றன. உடல் புதிதாக நொதி செய்ய ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆகும். அதனால 'காலையில ஜூஸ், ராத்திரி மாத்திரை'ன்னு பிரிச்சுக்கிட்டாலும் தப்பிக்க முடியாது.

ஹார்மோன் மாத்திரைகளும் இதே வழியில்தான் போகின்றன. கருத்தடை மாத்திரையில் இருக்கும் எத்தினைல் எஸ்ட்ராடையாலின் உச்ச அளவு இந்த ஜூஸால் சராசரியாக 37 சதவீதம் கூடியது என்று 1996இல் ஓர் ஆய்வு காட்டியது. 2009இல் லான்செட்டில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துப் பெண் ஒருவரைப் பற்றி வந்தது. வயது 42. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தவர், எடை குறைக்க மூன்று நாளாகக் காலையில் கிரேப்ஃப்ரூட் சாப்பிட்டார். காலில் பெரிய ரத்தக்கட்டு. காலையே இழக்கும் நிலை. ரத்தம் உறையும் பரம்பரைத் தன்மையும் அவருக்கு இருந்தது, நீண்ட கார் பயணமும் சேர்ந்தது. பழம் மட்டுமே காரணம்னு சொல்ல முடியாது. ஆனால் கடைசித் தள்ளு அதுவாக இருந்திருக்கலாம் என்று மருத்துவர்கள் கருதினார்கள். தோலில் ஒட்டும் ஹார்மோன் பேட்ச் குடல் வழியாகப் போவதில்லை. அதனால் குடலில் நடக்கும் இந்தச் சிக்கல் அதற்கு இல்லை.

2012இல் பெய்லி குழு ஒரு பட்டியல் போட்டது. இந்தப் பழத்தோடு மோதக்கூடிய மருந்துகள் 85க்கும் மேல். அதில் 43 மருந்துகளில் விளைவு ஆபத்தாகலாம். கொலஸ்ட்ராலுக்கான சிம்வாஸ்டாடின், மாற்றுச் சிறுநீரகத்தைக் காக்கும் டாக்ரோலிமஸ் எல்லாம் அதில் உண்டு. அலர்ஜி மாத்திரை ஃபெக்ஸோஃபெனடின் விஷயத்தில் கதை தலைகீழ்: ஜூஸ் குடித்தால் மருந்து ரத்தத்தில் சேர்வது குறையும்.

யோசிச்சுப் பாருங்க. அந்த ஆய்வில் எல்லாரும் சந்தேகப்பட்டது மதுவை. ஜூஸை யாருமே சந்தேகப்படலை, அது வெறும் முகமூடி. எத்தனையோ வீடுகளில் காலை டேபிளில் அந்த ஜூஸும் மாத்திரையும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. யாரும் கேட்கலை.

நாம கேட்கலாம். இந்த வேதிப்பொருள் பம்பளிமாஸிலும் இருக்கு. தினம் மாத்திரை எடுக்கிறவங்க அதைத் தாங்களா நிறுத்த வேண்டாம்; "இதோட எந்தப் பழம் கூடாது?"ன்னு டாக்டர்கிட்டயோ மருந்துக்கடையிலயோ ஒரு வார்த்தை கேட்டுடுங்க.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.