சுரங்கத்து நீரும் ஒரு புஷல் கரியும்



நிலத்தைத் தோண்டத் தோண்ட நீர் ஊறும். கிணறு வெட்டுவோருக்கு அது மகிழ்ச்சி. சுரங்கம் வெட்டுவோருக்கு அதுவே எமன். இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையில் உள்ள கார்ன்வால், வெள்ளீயமும் செம்பும் தோண்டிய நாடு. ஆனால் அங்கே நிலக்கரி கிடையாது. நீர் இறைக்கும் நீராவி இயந்திரங்களுக்கு வேண்டிய கரி, வேல்சிலிருந்து கப்பலேறி வந்தது.

1712-இல் தாமஸ் நியூகமன் அமைத்த இயந்திரம் ஒரு நிலக்கரிச் சுரங்கத்தில் ஓடியது. காலடியிலேயே கரி கிடக்க, எவ்வளவு எரிந்தால் என்ன? கார்ன்வாலுக்கு அது கட்டுபடியாகுமா?

ஜேம்ஸ் வாட் 1769-இல் காப்புரிமை பெற்ற முறை கரிச் செலவை வெகுவாகக் குறைத்தது. மிச்சமாகும் கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கை வாட்டும் அவர் கூட்டாளி போல்டனும் கேட்டு வாங்கினர். இயந்திரம் எத்தனை முறை ஏறி இறங்கியது என்று எண்ணும் கருவியைப் பெட்டியில் பூட்டியே வைத்தனர்! முதலாளிகளுக்கோ மனமில்லை. 1800-இல் உரிமை முடிந்ததும் பணம் கட்டுவது நின்றது, கவனிப்பும் குறைந்தது. இயந்திரங்கள் மறுபடியும் கரியைத் தின்றன.

1811-இல் ஜோயல் லீன் என்பவர் ஒரு வேலை செய்தார். ஒரு புஷல், அதாவது 94 இராத்தல் கரியை எரித்து எத்தனை இராத்தல் நீரை ஓர் அடி உயர்த்த முடிந்தது என்று கணக்கிட்டு, ஒவ்வோர் இயந்திரத்தின் எண்ணையும் மாதந்தோறும் அச்சிட்டு வெளியிட்டார். யாருடைய இயந்திரம் கரியை வீணாக்குகிறது என்பது ஊருக்கே தெரிந்துபோயிற்று. அப்போது சராசரி 2 கோடியைக்கூட எட்டவில்லை.

ரிச்சர்ட் டிரெவிதிக் போன்றோர் உயர் அழுத்த நீராவியைப் புகுத்தினர். உருளைக்குள் சிறிதளவு நீராவியை விட்டு வாயிலை மூடிவிட்டால், அது தானே விரிந்து மீதி வேலையைச் செய்யும். சூடு வெளியேறாமல் உருளையைச் சுற்றி மரத்தூளும் அடைத்தனர். 1835-இல் ஃபோவி கன்சோல்ஸ் சுரங்கத்தில் நடந்த சோதனையில் ஓர் இயந்திரம் 12½ கோடியைத் தொட்டது. குழாய் கசிந்தாலும் நீர் முழுதாக ஏறியதாகவே கணக்கிட்டதால், இந்த எண்களில் சற்றுத் தள்ளுபடி செய்துகொள்ளத்தான் வேண்டும்.

கரி மிச்சமானதால் இன்னும் ஆழமாகத் தோண்ட முடிந்தது. ஆதாயம் முதலாளிக்கு. தொழிலாளிக்கோ, வேலை முடிந்தபின் ஏற வேண்டிய ஏணி நீண்டுகொண்டே போயிற்று. ஆட்களை ஏற்றி இறக்கும் இயந்திரம் கார்ன்வாலுக்கு வந்தது 1842-இல்தான், டிரெசவியன் சுரங்கத்தில்.