தக்கை விற்ற கம்பெனி.. அணுகுண்டுக்கும் அசராத மஸ்டா! பலரும் அறியாத வரலாறு

மஸ்டா என்றதும் ஸ்போர்ட்ஸ் கார்தான் பலருக்கும் ஞாபகம் வரும். ஆனால், இந்த ஜப்பான் நிறுவனம் தொடங்கியபோது காருக்கும் அதற்கும் சம்பந்தமே கிடையாது!

தக்கைதான் முதல் தொழில்

1920-ல் ஹிரோஷிமாவில் 'டோயோ கார்க் கோக்யோ' என்ற பெயரில் தொடங்கியது. அடுத்த ஆண்டே தலைவரானார் ஜுஜிரோ மட்சுடா. தக்கை வியாபாரம் கைகொடுக்காததால் இயந்திரத் தயாரிப்புக்கு மாறினார். 1931-ல் வந்த முதல் வண்டி கார் இல்லை. 'மஸ்டா-கோ' என்ற மூன்று சக்கர சரக்கு வண்டி.

பெயர் வந்தது எப்படி?

பண்டைய பாரசீகர்களின் ஞானக் கடவுள் அஹுரா மஸ்டா. மட்சுடா என்ற பெயரும் கிட்டத்தட்ட அப்படியே ஒலிக்கும். ஒரே பெயரில் இரண்டும் அடங்கிவிட்டது.

ஆகஸ்ட் 6, 1945

அன்று மட்சுடாவுக்கு 70-வது பிறந்தநாள். ஹிரோஷிமா மீது அணுகுண்டு விழுந்தது. நகருக்குள் இருந்த ஊழியர்கள் பலர் உயிரிழந்தனர். சுமார் 5 கி.மீ. தொலைவில் இருந்த தொழிற்சாலை மட்டும் இடையில் இருந்த குன்றின் மறைவால் பெரிய சேதமின்றி தப்பியது. காயமடைந்தவர்களுக்கு அங்கே சிகிச்சை அளிக்கப்பட்டது. இடிந்துபோன மாகாண அரசு அலுவலகமும் சில காலம் அங்கிருந்துதான் இயங்கியது.

நாலே மாதம்தான்! டிசம்பரிலேயே மூன்று சக்கர வண்டி உற்பத்தி மீண்டும் ஆரம்பமானது.

1991-ல் பிரான்சின் லெ மான்ஸ் 24 மணி நேர பந்தயத்தில் வென்ற முதல் ஜப்பான் நிறுவனமும் மஸ்டாதான். அதன் தலைமையகம் இன்றும் அதே இடத்தில்தான் இருக்கிறது.