மன்னார்க் கரையினர்

அகதி என்னும் சொல் நமக்குப் புதிதன்று. வடுகர் தாக்குதலுக்குத் தப்பி, 1560இல் நம் முன்னோரில் ஒரு பகுதியினர் போர்த்துக்கேயருடன் புன்னைக்காயலிலிருந்து மன்னார்த் தீவுக்குப் போய்க் குடியேறினர். 1983 கலவரத்திற்குப் பின் மன்னாரார் அதே கடலைத் தாண்டி இக்கரை வந்தனர்.

1990இல் வந்த தம்பதியர் ஒருவரைத் தாப்பாத்தி முகாமில் சந்தித்தோம். படகோட்டி இருட்டில் தனுஷ்கோடி மணல்திட்டில் இறக்கிவிட்டுத் திரும்பிவிட்டானாம். விடியும்வரை குடிக்கத் தண்ணீரில்லை. பிறகு மண்டபம், பதிவு, விசாரணை. இழந்த வள்ளத்தையும் வலைகளையும் கணவர் ஒவ்வொன்றாய் எண்ணிச் சொன்னார். எறிகணைக்குப் பலியான மகனைப்பற்றி மனைவி வாய் திறக்கவில்லை. அவன் பெயருக்குப் பூசைக் கருத்து மட்டும் கொடுத்தார்.

மக்கள் அடைக்கலம் புகுந்த மடு ஆலயத்திலேயே 1999 நவம்பர் 20இல் எறிகணை விழுந்து ஏறக்குறைய 40 பேர் மாண்டனர். அதன்பின் ஊர் திரும்பும் பேச்சையே இருவரும் விட்டுவிட்டார்களாம்.

2021இல் அரசு, அகதிகள் முகாம் என்பதை மறுவாழ்வு முகாம் என்று மாற்றியது. நல்லதே. குடியுரிமைதான் அவ்விருவருக்கும் இன்னும் வரவில்லை.