பட்டில் நெய்த செதுக்கோவியம்: லியோன் நெசவாளர் வரலாற்றில் ஒரு குறிப்பு

அலங்காரக் கலைகளின் வரலாறு பெரும்பாலும் அவற்றை நுகர்ந்தோரின் சுவை வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. ஆக்கியோரின் உழைப்பு அதில் இடம்பெறுவது அரிது. பட்டில் அமைந்த செதுக்கோவியங்கள் இதற்குத் தக்க சான்றாகும்.

17 ஆம், 18 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவில் செப்புத்தகட்டிற் செதுக்கிய படங்கள் தாளிலே பதிக்கப்பட்டன. சிறப்புப் பிரதிகள் சில பட்டிலும் பதிக்கப்பட்டன. பல்கலைக்கழக ஆய்வுரை வாதங்களை அறிவிக்கும் அலங்காரத் தாள்கள் கூட, புரவலருக்கெனப் பட்டில் அச்சாயின. படம் ஒன்றே, பெறுவோனின் தகுதியைப் பட்டு உணர்த்திற்று.

19 ஆம் நூற்றாண்டில் பிரான்சின் லியோன் நகரம் இவ்வுறவைத் தலைகீழாக்கியது. பட்டில் அச்சிடுவதற்குப் பதிலாக, அச்சோவியம் போலத் தோன்றும் படம் பட்டிலேயே நெய்யப்பட்டது. பொன்ஃபோன் தீட்டிய ஓவியத்தைத் தழுவி, டிடியே பெட்டி நிறுவனத்துக்காகக் கார்க்கியா என்ற நெசவாளர் 1839 இல் நெய்த ஜக்கார்ட் உருவப்படம் இவற்றுள் தலையாயது. அதற்கு ஏறத்தாழ 24,000 துளையட்டைகள் தேவைப்பட்டன. ஒவ்வோர் ஊடை இழைக்கும் எப்பாவு நூல்கள் உயர வேண்டும் என்பதை அட்டையின் துளைகளே தீர்மானித்தன. கணிப்பொறியின் முன்னோடியான பாபேஜ் இதன் பிரதியொன்றை இலண்டனில் வைத்திருந்தார். கண்டோர் பலர் அதனைச் செதுக்கோவிய அச்சென்றே கருதினர்.

படம் ஜக்கார்டைத் தனிமேதையாகக் காட்டுகிறது. ஆயினும் பூஷோன், ஃபால்கோன், வோகான்சன் ஆகியோரின் 18 ஆம் நூற்றாண்டு முயற்சிகள் மீதே அவரது பொறி எழுந்தது. தறியின் கயிறுகளை இழுத்து நின்ற உதவியாளரின் வேலையை அது அகற்றியது. எனினும் உற்பத்தியுறவுகளை அது மாற்றவில்லை. பட்டும் வடிவமைப்பும் வணிகருடையன, தறி நெசவாளருடையது, கூலியோ நெய்த அளவுக்கேற்பக் கணிக்கப்பட்டது.

கனூ எனப்பட்ட இந்நெசவாளர் கூலிக்குக் கீழெல்லை வகுக்குமாறு கோரினர். 1831 ஒக்டோபரில் கட்டண ஒப்பந்தம் ஏற்பட்டது. வணிகர் பலர் அதனை மறுக்கவே, நவம்பரில் நெசவாளர் எழுந்து நகரைக் கைப்பற்றினர். மன்னர் லூயி பிலிப்பின் மூத்த மகனான ஓர்லியன் கோமகனும் மார்ஷல் சூல்ற்றும் படையுடன் நுழைந்தனர், ஒப்பந்தம் இரத்தாயிற்று. 1834 ஏப்ரலில் இரண்டாம் எழுச்சி குருதியில் அடக்கப்பட்டது. 1831 எழுச்சியைத் தொழிலாளி வர்க்கத்தின் முதல் எழுச்சியாக எங்கெல்ஸ் குறித்தமை நோக்கற்பாலது. ஜக்கார்ட் இறந்ததும் 1834 ஓகஸ்ட்டிலேயே. எனவே ஐந்தாண்டுகளின் பின் நெய்யப்பட்ட அமைதியான உருவப்படம், தோற்கடிக்கப்பட்ட தறிகளின் நகரிலிருந்து வந்ததென்பதை மறத்தலாகாது.

இவ்வுண்மை மற்றொரு படத்தில் மேலும் தெளிவாகிறது. 1841 இல் அதே மன்னரின் மற்றொரு மகனான ஓமால் கோமகன், நெசவாளர் குடியிருப்பான குருவா-ரூசில் கார்க்கியாவின் பட்டறைக்கு வந்தார். அக்காட்சியைக் கார்க்கியா 1844 இல் பட்டில் நெய்தார். ஜக்கார்ட் உருவப்படம் கோமகனுக்குக் காட்டப்படுவதே அதன் மையம். தமையன் படையுடன் வந்த நகருக்குத் தம்பி இரசிகராக வருகிறார். ஒப்பந்தம் கேட்ட நெசவாளன் இங்கு திறமை காட்டும் நெசவாளனாகிறான்.

திறமையைப் பாராட்டுவதும் உரிமையை மறுப்பதும் ஒரே வர்க்கத்தின் இரு செயல்கள். இழையை அச்சுக்கோடென மயங்கவைத்த நுட்பம் வியப்புக்குரியதே. ஆயின் அம்மயக்கத்தில் மறைவது நூல் மட்டுமன்று, அதை நெய்த கையுமாகும். கலை வரலாறு மீட்க வேண்டியது அக்கையையே.