எஸ்.டி.ஓ. பிறந்த கதை

2026 ஜனவரியில் நடந்த இரண்டு காரியங்கள் ஒன்றுக்கொன்று தொடர்பில்லாதவை. 4ஆம் தேதி டோக்கியோ டோம் அரங்கில் ஆரன் வுல்ஃப் தன் முதல் தொழில்முறை மல்யுத்த ஆட்டத்தை ஆடினார். டோக்கியோ ஒலிம்பிக்கில் ஜூடோ 100 கிலோ பிரிவில் தங்கம் வென்றவர் அவர். அதே மாதம் இங்கே கேரளத்தில் ‘சத்தா பச்ச’ என்ற மலையாளப் படம் திரைக்கு வந்தது. ஃபோர்ட் கொச்சி, மட்டாஞ்சேரிப் பக்கத்துப் பையன்கள் கயிறு கட்டி மேடை போட்டு டபிள்யூ.டபிள்யூ.ஈ. பாணியில் மோதிக்கொள்ளும் கதை. படம் வருவதற்கு எத்தனையோ வருடம் முன்பிருந்தே மட்டாஞ்சேரிச் சந்துகளில் இந்த விளையாட்டு உண்டு. கேபிள் டி.வி. வந்த காலத்திலிருந்து தமிழ்நாட்டுத் தெருக்களிலும்தான் உண்டு. பையன்கள் செய்து பார்க்கும் பிடிகளில் ஒன்றின் பூர்வீகத்தைத் தேடிப்போனால், அது நேராக ஒலிம்பிக் ஜூடோ விரிப்பில் போய் நிற்கிறது.

அந்தப் பிடிக்கு எஸ்.டி.ஓ. என்று பெயர். எதிராளியின் பக்கவாட்டில் ஓர் எட்டு வைக்க வேண்டும். கையை அவர் மார்புக்குக் குறுக்கே போட வேண்டும். காலை அவர் காலுக்குப் பின்னால் கொண்டுபோய், கை பின்னுக்குத் தள்ளும் அதே நொடியில் வாரிவிட வேண்டும். மனிதர் மல்லாக்க விழுவார். இதையே புரட்டிப்போட்டு, எதிராளி முகங்குப்புற விழும்படி செய்வதும் உண்டு. டபிள்யூ.டபிள்யூ.ஈ. வீரர் ப்ரே வயட்டின் ‘சிஸ்டர் அபிகேல்’ அந்த வகை. வயட்டைத் தெரிந்த பிள்ளைகளுக்கு ஜப்பானிய ஜூடோ வீரர் நவோயா ஒகாவாவைத் தெரியாது. எஸ்.டி.ஓ. என்பதே ‘ஸ்பேஸ் டொர்னாடோ ஒகாவா’ என்பதன் சுருக்கம். கடைசி எழுத்தில் ஆள் இருக்கிறார்.

ஜூடோவில் இதன் தாய்ப்பிடி ஒசோடோ காரி. 1882இல் ஜிகோரோ கானோ டோக்கியோவின் எய்ஷோஜி கோயிலில் பன்னிரண்டு பாய் விரித்துத் தொடங்கிய கோடோகான் பள்ளியின் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. வலது கை எதிராளியின் சட்டைக் கழுத்துப்பட்டியில், இடது கை அவரது சட்டைக்கையில். முதலில் அவரை அவருடைய வலது குதிகாலின் மேல் சாய்க்க வேண்டும். உடம்பின் பாரம் முழுக்க அந்த ஒற்றைக் குதிகாலுக்கு வந்து சேர்ந்ததும், அந்தக் காலையே வெளிப்பக்கமிருந்து வாரிவிட வேண்டும். பாரம் குதிகாலுக்கு வருமுன் வாரினால் ஒன்றும் நடக்காது, வாரியவர்தான் விழுவார். இந்தக் கலை இந்தியாவுக்கும் சீக்கிரமே வந்தது. தாகூர் 1905இல் ஜின்னோசுகே சானோவையும் 1929இல் ஷின்சோ தகாகாகியையும் சாந்திநிகேதனுக்கு வரவழைத்து ஜூடோ கற்றுக்கொடுக்கச் செய்தார்.

ஒசோடோ காரியைத் தன் பெயரோடு ஒட்டவைத்துக்கொண்டவர் மசாஹிகோ கிமுரா. மரத்தைக் காலால் வாரி வாரிப் பழகியவர். அவரோடு பயிற்சி செய்தவர்கள் அந்தப் பிடியை மட்டும் போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்வார்களாம். பின்மண்டை போய் மோதி நினைவு தப்பிவிடும். போருக்கு முன்னும் பின்னும் ஜப்பானில் அவரை வெல்ல ஆளில்லை. ஆனால் அந்தக் காலத்து ஜூடோவில் பட்டம் உண்டு, பேர் உண்டு, சோறு கிடையாது. தோற்ற நாடு, பஞ்சம் பிடித்த நகரங்கள், காசநோயில் படுத்துவிட்ட மனைவி. மருந்து வாங்கப் பணம் வேண்டும். 1950இல் அவருடைய ஆசான் தட்சுகுமா உஷிஜிமா தொழில்முறை ஜூடோ சங்கம் ஒன்றைத் தொடங்கினார். கிமுரா அதில் சேர்ந்தார். சில மாதங்களிலேயே அது நொடித்துப்போனது. பிறகு ஹவாய், பிரேசில் என்று காசுக்காக மோதும் வாழ்க்கை.

1951 அக்டோபர் 23 அன்று ரியோ டி ஜெனிரோவில் எலியோ கிரேசியை ஒசோடோ காரியால் வீழ்த்தி, கையைப் பின்புறமாக முறுக்கினார். கிரேசி விடச்சொல்லவில்லை. எலும்பு முறிந்தது. அந்த முறுக்குக்கு இன்றைக்கும் உலகம் முழுவதும் ‘கிமுரா’ என்றே பெயர். டபிள்யூ.டபிள்யூ.ஈ.யின் ப்ராக் லெஸ்னர் மேடையில் போட்டதும் அதுதான்.

ஜூடோக்காரர்கள் மல்யுத்த மேடைக்குப் போனதைச் சறுக்கலாகப் பேசுகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ‘நிஜமான விளையாட்டிலிருந்து நாடகத்துக்குப் போய்விட்டார்’ என்பார்கள். கிமுராவின் வீட்டு நிலைமையை நினைத்துப் பார்த்தால் அப்படிச் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை. அந்த வழியை முதலில் திறந்துவிட்டது பசி.

1954 பிப்ரவரி 19. டோக்கியோவில் மல்யுத்த வீரர் ரிகிடோசானும் கிமுராவும் ஜோடி சேர்ந்து கனடாவின் ஷார்ப் சகோதரர்களோடு மோதினார்கள். ஜப்பானில் தொலைக்காட்சி ஒளிபரப்பு தொடங்கி அப்போது ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. தெருமுனைகளில் வைத்த பெட்டிகளின் முன்னால் கூட்டம் நெரிந்தது. போரில் தோற்ற மக்கள், தங்கள் ஆள் ஒரு வெள்ளைக்காரரை அடித்து வீழ்த்துவதைப் பார்த்தார்கள். ஆனால் திட்டப்படி அடி வாங்கி விழும் வேலை ஒவ்வொரு முறையும் கிமுராவுக்கு. எழுந்து பழிதீர்க்கும் வேலை ரிகிடோசானுக்கு. கிமுரா பொறுக்க மாட்டாமல் சவால் விட்டார். டிசம்பர் 22இல் இருவரும் மோதினார்கள். சமனில் முடிக்கலாம் என்று பேசி வைத்திருந்ததாகக் கிமுரா பின்னால் சொன்னார். நடுவில் ரிகிடோசான் மெய்யாகவே அடிக்கத் தொடங்கினார். யாராலும் வெல்ல முடியாத கிமுரா, மேடையில் ரத்தம் வடியக் கிடந்தார்.

அடுத்த வருடம் ரிகிடோசானோடு மோத டோக்கியோ போனவர் கிங்காங். நம் ஊர்ப் பெரியவர்கள் தாரா சிங் பெயரோடு சேர்த்தே சொல்லும் அதே கிங்காங்தான். ஹங்கேரிக்காரர், சிங்கப்பூரில் குடியேறி மலாயா, இலங்கை, இந்தியா என்று சுற்றியவர். அந்தத் தலைமுறைத் தமிழர்கள் பார்த்த மேடையும் கிமுரா விழுந்த மேடையும் ஒரே தொழிலைச் சேர்ந்தவை. தாரா சிங்கைக் கேரளம் எவ்வளவு கொண்டாடியது என்பதற்கு, 1985இல் வந்த ‘முத்தாரம்குன்னு பி.ஓ.’ படத்தில் அவர் தாரா சிங்காகவே வந்து போவது ஒன்றே போதும்.

ஒலிம்பிக் ஜூடோவிலிருந்து இந்த மேடைக்கு ஆள் வந்த கதை ஒரு டச்சுக்காரரிடம் தொடங்குகிறது. டச்சுக்காரர்கள் என்றால் மட்டாஞ்சேரிக்கு அந்நியர் இல்லை. போர்த்துக்கீசியர் கட்டிய அரண்மனையை 1663க்குப் பிறகு புதுப்பித்து, அதற்கு டச்சு அரண்மனை என்ற பெயர் நிலைக்கும்படி செய்தவர்கள். ஃபோர்ட் கொச்சி வேளியில் இன்றும் துணி வெளுக்கும் தமிழ் வண்ணார் குடும்பங்களின் முன்னோர், டச்சுப் படையாட்களின் உடுப்பை வெளுக்கக் கொண்டுவரப்பட்டவர்கள் என்பது அவர்களே சொல்லும் வரலாறு. அந்த நாட்டின் உட்ரெக்ட் நகரத்துக்காரர் ஆன்டன் கீசிங்க், கிட்டத்தட்ட ஆறரை அடி உயரம். ஜூடோ முதன்முதலாக ஒலிம்பிக்கில் சேர்ந்தது 1964இல், அதுவும் டோக்கியோவில். அக்டோபர் 23 அன்று, எடை வரம்பில்லாத பிரிவின் இறுதியில், நிப்பான் புடோக்கான் அரங்கில், ஜப்பானின் அகியோ காமினாகாவைக் கீசிங்க் தரையோடு அழுத்திப் பிடித்து வென்றார். அரங்கம் உறைந்துபோனது. மகிழ்ச்சியில் விரிப்பை நோக்கி ஓடிவந்த தன் நாட்டுக்காரர்களை, தோற்றவர் எழுந்து நிற்கும் முன்பே கையை உயர்த்தித் தடுத்தார் கீசிங்க். ஜப்பானியர் அவரை மதித்தது வெற்றியைவிட அந்தக் கைக்காக.

அந்த மதிப்பைத்தான் ஜயன்ட் பாபாவின் ‘ஆல் ஜப்பான்’ மல்யுத்த நிறுவனம் 1973இல் விலைக்கு வாங்கியது. கீசிங்க் 1978 வரை ஆடினார், பெரிதாகச் சோபிக்கவில்லை. போட்டி நிறுவனமான ‘நியூ ஜப்பான்’ நடத்திய அன்டோனியோ இனோகிக்கு வேறு கணக்கு. மல்யுத்தம் நாடகம் என்று சொல்கிற வாயை அடைக்க, சந்தேகமே இல்லாத ஒரு வீரரைத் தன் எதிரில் நிறுத்த வேண்டும். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஒரே ஆட்டத்தொடரில் இரண்டு ஜூடோ தங்கம் வாங்கிய வில்லம் ருஸ்கா கிடைத்தார். அவரும் டச்சுக்காரர். 1976 பிப்ரவரி 6, அதே புடோக்கான். இனோகி வென்றார். அந்த ஆட்டத்தின் சூட்டில்தான் ஜூன் 26இல் முகமது அலியை அழைத்து அதே அரங்கில் நிறுத்தினார். வீரருக்குப் பணம் தேவை, மேடைக்கு நம்பகம் தேவை. இந்தக் கொடுக்கல்வாங்கல் அன்றிலிருந்து இன்றுவரை மாறவில்லை. மான்ட்ரியலில் வெண்கலம் வாங்கிய ஆலன் கோஜ் இனோகியின் பயிற்சிக்கூடத்தில் சேர்ந்து, பிறகு ‘பேட் நியூஸ் பிரவுன்’ ஆனார். பெய்ஜிங்கில் வெண்கலம் வாங்கிய ரோண்டா ரவுசி 2018இல் ரெஸில்மேனியா மேடை ஏறினார்.

இனி ஒகாவா. 1987இல் பத்தொன்பது வயதில் எடை வரம்பில்லாத பிரிவில் உலக வாகையர். 1992 பார்சிலோனாவில் தங்கம் அவருக்குத்தான் என்று நாடே நம்பியது. இறுதியில் ஜார்ஜியாவின் தாவித் ககாலெய்ஷ்விலியிடம் தோற்றார். வெள்ளி. நான்கு வருடம் கழித்து அட்லாண்டாவில் அதுவும் இல்லை. அதுவரை அவருக்கு ஜப்பான் குதிரைப் பந்தயச் சங்கத்தில் மாதச் சம்பள வேலை. அதை விட்டுவிட்டு இனோகியிடம் போனார். முதல் ‘டைகர் மாஸ்க்’ ஆக மேடை ஏறிய மல்யுத்த வீரர் சடோரு சயாமா பயிற்சி கொடுத்தார். 1997 ஏப்ரல் 12இல் டோக்கியோ டோமில் முதல் ஆட்டம். எதிரில் நியூ ஜப்பானின் வாகையர் ஷின்யா ஹஷிமோட்டோ. வென்றது புதியவர்.

ஒரு சங்கடம் இருந்தது. ஒசோடோ காரி சட்டையைப் பிடித்துச் செய்வது. மேடையில் எதிராளி வெற்றுடம்போடு, வியர்வை வழுக்க நிற்கிறார். கழுத்துப்பட்டி இல்லை, சட்டைக்கை இல்லை. குதிகாலில் பாரம் ஏற்றுவது எப்படி? பிடிக்க வேண்டிய கை, மார்புக்கும் கழுத்துக்கும் குறுக்கே அறையும் கையாக மாறியது. இழுத்துச் சாய்ப்பதற்குப் பதில் அந்த அறையின் வேகம் எதிராளியைப் பின்னுக்குச் சாய்த்தது. கால் மட்டும் கானோவின் பள்ளியில் வாரியது போலவே வாரியது. கடைசியில், வீசியவர் நின்றுகொண்டிராமல் தானும் கூடவே விழுந்து தன் பாரத்தையும் ஏற்றினார். எஸ்.டி.ஓ. இப்படித்தான் பிறந்தது. ஜூடோவில் முதுகு முழுசாக விரிப்பில் பட்டால் ‘இப்போன்’, ஆட்டம் முடிந்தது. மேடையில் அதற்குப் பிறகும் நடுவர் மூன்று எண்ண வேண்டும்.

பையன்களுக்கு டி.வி. காட்டாத பாதி இதில் இருக்கிறது. எந்த ஜூடோ வகுப்பிலும் முதலில் சொல்லித்தருவது விழுவதற்கு. உகெமி என்பார்கள். முகவாயை நெஞ்சோடு ஒட்டவைத்து, கண்ணைத் தன் இடுப்புப் பட்டையில் வைக்க வேண்டும். முதுகு தொடும் அதே கணத்தில் உள்ளங்கையும் முன்கையும் சேர்ந்து விரிப்பை ஓங்கி அறைய வேண்டும். மூச்சு வெளியே போயிருக்க வேண்டும். பின்மண்டை தரையைத் தொடவே கூடாது. மல்யுத்த மேடையும் பார்ப்பது போலக் கட்டாந்தரை இல்லை. இரும்புச் சட்டத்தின் மேல் பலகை, அதன் மேல் மெல்லிய பஞ்சு, அதன் மேல் கித்தான். விழும்போது பலகை கொஞ்சம் வளைந்து கொடுக்கும். நம்முடைய கட்டா குஸ்திக்காரர்கள் மண்ணைக் கொத்தி இளக்கிவிட்டுத்தான் இறங்குகிறார்கள். சிமெண்ட் தரை எதற்கும் வளையாது. இத்தனைக்குப் பிறகும் ஜப்பானியப் பள்ளிகளில் 1983க்கும் 2011க்கும் இடையில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகள் ஜூடோவில் உயிர் விட்டிருக்கிறார்கள். பலரைக் கொண்டுபோனது தலைக்காயம், அதில் ஒசோடோ காரிக்குப் பெரிய பங்கு உண்டு. மாடியிலோ சந்திலோ எஸ்.டி.ஓ. போட்டுப் பார்க்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால், முகவாயை நெஞ்சோடு ஒட்டச் சொல்லி ஒரு நாளாவது மெத்தையில் விழப் பழக்கிவிடுங்கள்.

ஆகவே ஒரு வீச்சுக்கு வீசுபவர், விழுபவர் என்று இரண்டு பேர் வேண்டும். எஸ்.டி.ஓ.வின் கதையில் அந்த இரண்டாவது ஆள் ஹஷிமோட்டோ. 1999 ஜனவரி 4இல் டோக்கியோ டோமில் ஒகாவா பேசி வைத்ததை மீறி மெய்யாகவே குத்தவும் உதைக்கவும் தொடங்கினார் என்று இன்றுவரை பேசுகிறார்கள். ஆட்டம் கலைந்து இரு தரப்பு ஆட்களும் மேடையில் கைகலந்தார்கள். ரிகிடோசான் கிமுராவுக்குச் செய்தது, நாற்பத்து நான்கு வருடம் கழித்து, இம்முறை ஜூடோக்காரர் கையால். 2000 ஏப்ரல் 7இல் மறுபடி மோதல். தோற்றால் ஓய்வு என்று ஹஷிமோட்டோ அறிவித்திருந்தார். தொலைக்காட்சியில் முன்னிரவு நேர ஒளிபரப்பு. அவர் விழுந்தார், எழுந்தார், திரும்பத் திரும்ப எஸ்.டி.ஓ. வாங்கினார், தோற்றார், ஓய்வும் பெற்றார். ரசிகர்கள் காகிதக் கொக்குகள் மடித்து அனுப்பி அவரைத் திரும்ப வரவைத்தார்கள்.

வந்தவர் அடுத்த வருடம் ‘ஜீரோ ஒன்’ என்ற சொந்த நிறுவனம் தொடங்கினார். அங்கே அவருக்கு ஜோடியாக வந்து நின்றவர் ஒகாவா. இருவரும் சேர்ந்து ஒரு புதுப் பிடி செய்தார்கள். எதிராளியை ஹஷிமோட்டோ இறுக்கிப் பிடித்துக்கொள்வார். ஒகாவா ஓடிவந்து இருவரையும் சேர்த்தே எஸ்.டி.ஓ.வால் வாரிவிடுவார். பிடித்தவரும் விழுவார், பிடிபட்டவரும் விழுவார். அந்தப் பிடியின் பெயர் ‘என்னையும் சேர்த்து வாரிவிடு’. தன்னை ஓய்வுக்கே துரத்திய காலின் முன்னால் தானாகப் போய் நின்று, வாரு என்று சொல்ல எவ்வளவு பெரிய மனசு வேண்டும்!

ஹஷிமோட்டோ 2005 ஜூலை 11இல் மூளை ரத்தக்கசிவால் இறந்தார். வயது நாற்பது. ஒகாவா பிறகு சிகாசாகி ஊரில் ஜூடோ பள்ளி வைத்துச் சிறுவர்களுக்குச் சொல்லித்தரத் தொடங்கினார். அவருடைய மகன் யூசெய், 2018இல் பாகுவில் நடந்த உலக ஜூடோ போட்டியில் 100 கிலோவுக்கு மேற்பட்டோர் பிரிவில் ஆடினார்.