நூற்கக் கற்றவர்களும் நூல் செய்தவர்களும்

இராட்டையே இந்திய வறுமைக்கு மருந்து என்று எழுதியபோது காந்தியடிகள் அதனைக் கண்ணால் கண்டிருக்கவில்லை. 1909இல் எழுதிய ‘இந்திய சுயராஜ்யம்’ என்னும் நூலில் கைத்தொழிலின் பெருமையைப் பேசியவர், அக்காலத்தில் தறியையோ இராட்டையையோ தாம் பார்த்ததாக நினைவில்லை என்று பிற்காலத்துச் சுயசரிதையில் ஒப்புக்கொள்கிறார். 1915இல் தாயகம் திரும்பிய பின்னும் நிலைமை மாறவில்லை. ஆசிரமத்தில் முதலில் வந்து சேர்ந்தது தறியே. அதில் நெய்தது ஆலை நூலையே. நூற்கத் தெரிந்தவர் எவர், இராட்டை எங்கே கிடைக்கும் என்பதைச் சொல்ல ஆளில்லாமல் இரண்டாண்டுகளுக்கு மேல் கழிந்தன. பல நூற்றாண்டுகளாக உலகுக்குத் துணி அனுப்பிய ஒரு நாட்டில் நூற்கும் கை இவ்வளவு விரைவில் மறைந்துபோனது வரலாற்றின் கொடுமைகளுள் ஒன்று.

1917இல் புரோச் நகரில் நடந்த கல்வி மாநாட்டின்போது கங்காபென் மஜும்தார் என்னும் விதவைப் பெண்மணியை அவர் சந்தித்தார். குதிரை ஏறவும் தனியே ஊர் சுற்றவும் அஞ்சாதவர். தீண்டாமையைத் தம் வாழ்வில் துறந்தவர். இராட்டையைத் தேடும் பொறுப்பை அவர் ஏற்றார். குஜராத்தெங்கும் அலைந்தபின் பரோடா சமஸ்தானத்து விஜாபூரில் அவர் கண்டது வியப்பானது. அங்கே பல வீடுகளில் இராட்டை இருந்தது. பயனற்ற பழம்பொருளாய்ப் பரண்மேல் கிடந்தது. பஞ்சுப் பட்டை தவறாமல் கொடுத்து, நூற்ற நூலை வாங்கிக்கொள்ளவும் ஆள் இருந்தால் மீண்டும் நூற்போம் என்றார்கள் அவ்வீட்டுப் பெண்கள். பட்டை என்பது அடித்துப் பதமாக்கிய பஞ்சைச் சுருட்டிய திரி. அதனை முதலில் உமர் சோபானி தம் ஆலையிலிருந்து அனுப்பினார். ஆலைப் பட்டையில் நூற்பது ஆலை நூலில் நெய்வதைப் போன்றதே என்று காந்திக்கு மனம் உறுத்தியது. கங்காபென் மீண்டும் புறப்பட்டார். இம்முறை பஞ்சு அடிப்பவர் ஒருவரைப் பிடித்து வந்தார். மாதச் சம்பளம் முப்பத்தைந்து ரூபாய்.

சுயசரிதையின் இப்பகுதியில் சுவையான காட்சி பம்பாயில் நிகழ்ந்தது. நோயுற்று ரேவாசங்கர் ஜவேரியின் இல்லமான மணிபவனில் தங்கியிருந்த நாட்களில் அவர் நூற்பவர் இருவரைக் கண்டுபிடித்தார். இருபத்தெட்டுத் தோலா எடையுள்ள ஒரு சேர் நூலுக்கு அவர்கள் ஒரு ரூபாய் கேட்டார்கள். அவர்களிடம் அவந்திகாபாய், ரமிபாய் காம்தார், சங்கர்லால் பாங்கரின் தாயார், வசுமதிபென் ஆகியோர் நூற்கக் கற்றார்கள். அறையில் எழுந்த இராட்டையின் ரீங்காரம் தம் உடல்நலம் தேறியதற்கும் ஒரு காரணம் என்கிறார் நோயாளி. பட்டைக்கு என்ன செய்வது? அவ்வீட்டின் வழியே நாள்தோறும் வில் நாணைத் தெறித்துக்கொண்டு ஒருவர் போவார். மெத்தைக்குப் பஞ்சு அடிப்பவர். அவரை அழைத்து, கேட்ட விலை கொடுத்துப் பஞ்சடிக்கச் செய்தார்கள். அப்படி நூற்ற முதல் நூல் துணியாகவில்லை. வைணவ அன்பர் சிலர் பவித்திர ஏகாதசிக்கு மாலை கட்ட அதனை வாங்கிப் போனார்கள்.

பின்பு முரட்டுத் துணி வந்தது. கெஜம் பதினேழு அணா விலையில், முப்பது அங்குல அகலத்தில். நாற்பத்தைந்து அங்குல வேட்டி ஒரு மாதத்துக்குள் கிடைக்காவிட்டால் இக்குட்டைத் துணியையே உடுத்துவேன் என்று காந்தி கங்காபென்னுக்குக் கெடு வைத்தார். கெடு முடியுமுன்பே வேட்டிகள் வந்துவிட்டன. குட்டைத் துணி பின்னர் 1921 செப்டம்பரில் மதுரையில் அவருடைய இடையேறியது வேறு கதை, அது நாடறிந்தது.

வயதுவந்த பின் நூற்கப் பழகுபவர் முதலில் தோற்பது தம் கையிடமே. வலக்கை சக்கரத்தைச் சுற்ற, இடக்கை பட்டையைப் பிடித்துப் பின்னோக்கி இழுக்க வேண்டும். கதிரின் முனையிலிருந்து இழை ஒவ்வொரு சுற்றுக்கும் வழுக்கி விழ, விழும்போதெல்லாம் ஒரு முறுக்கு ஏறுகிறது. கை நீண்ட அளவு இழுத்தபின் சக்கரத்தைச் சற்றே மறுபுறம் திருப்பி முனையை விடுவித்து, நூற்ற இழையைக் கதிரில் சுற்ற வேண்டும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்யும்போது இடக்கை முந்தினால் முறுக்கு ஏறாத பஞ்சு பிரிந்து அறும். வலக்கை முந்தினால் இழை முறுக்கேறிச் சுருண்டு கொள்ளும். முறுக்கு எப்போதும் மெலிந்த இடத்தையே நாடி ஓடும் என்பதால் தடித்த இடம் உரமின்றித் தொளதொளத்து நிற்கும். பழகாத கையின் நூலில் ஒரு முழத்துக்குள் கயிறும் இருக்கும், மயிரிழையும் இருக்கும். இரண்டு கைகளும் ஒன்றையொன்று கேட்கத் தொடங்கும்வரை எந்த ஆசிரியரின் சொல்லும் உதவாது. சக்கரமே இல்லாத தக்ளியில் இப்பாடம் இன்னும் வெளிப்படை. விரலால் சுழற்றிவிட்ட கதிர் நிற்பதற்குள் பஞ்சு இழையாகிவிட வேண்டும்.

இப்பாடத்தைத் தமிழ்ப் புலவர்கள் அருகிலிருந்து பார்த்திருக்கிறார்கள். கொடுமணலிலும் கீழடியிலும் சுடுமண்ணாலான தக்களி வட்டுகள் கிடைத்திருப்பதால் கருவிக்கும் சான்று உண்டு. புறநானூறு பருத்தி நூற்கும் பெண்ணை ஒருமுறைக்கு மேல் பேசுகிறது. தங்கால் பொற்கொல்லனாரின் 326ஆம் பாட்டில் இரவில் காட்டுப்பூனைக்கு அஞ்சிய பெட்டைக்கோழி கதறுகிறது. பஞ்சிலிருந்து குப்பையைப் புடைத்து நீக்க எழுந்தவளின் சிறு விளக்கொளியில் தன் சேவலைக் கண்டபின் அமைதி கொள்கிறது. போர்க்குடி ஒன்றின் வீட்டைப் பாட வந்த புலவர், போகிற போக்கில், நூற்பவளுக்கு இரவும் வேலைப்பொழுதே என்பதைப் பதிவு செய்துவிட்டார். நற்றிணை 353இல் கபிலர் மலைமேல் படியும் மேகத்துக்கு உவமையாக எடுப்பது, ஆண் துணையற்ற பெண்டிர் தம் முயற்சியால் நூற்ற மெல்லிய நூலை. உவமை அழகானது; உவமைக்குள் இருக்கும் வாழ்க்கை அழகானதன்று. கணவனை இழந்தவளுக்கோ கணவனே இல்லாதவளுக்கோ வீட்டிலிருந்தபடி உண்ண வழி தந்தது கதிர் ஒன்றே. இரண்டாயிரம் ஆண்டுகளுக்குப் பின் விஜாபூரில் கங்காபென் கேட்ட நிபந்தனையும் இதே பிழைப்பைப் பற்றியதுதான்.

மூன்றாம் குலோத்துங்கன் காலத்துப் பவணந்தி முனிவர் இதனை வேறொரு தளத்துக்கு உயர்த்தினார். நன்னூலின் பொதுப்பாயிரம், ‘நூல்’ என்னும் பெயர்க்காரணத்தை விளக்கும்போது, சொல்லைப் பஞ்சாகவும் செய்யுளை இழையாகவும் புலவனை நூற்கும் பெண்ணாகவும் வாயைக் கையாகவும் அறிவைக் கதிராகவும் உருவகம் செய்கிறது. அடுத்த பாட்டிலேயே அதே சொல் மரத்தின் கோணலைத் தீர்க்கும் தச்சனின் நூலாகிவிடுகிறது. இலக்கண ஆசிரியருக்கு இரண்டாவது உவமை போதுமானதாக இருந்திருக்கும், முதலாவது கவிஞர்களுக்கானது. அதில் நுட்பமானது அறிவைக் கதிருக்கு ஒப்பிட்டது. சொல்லை இழுத்து நீட்டுவது வாய். முறுக்கேற்றுவதும் சுற்றிச் சேர்ப்பதும் அறிவு. முறுக்கில்லாத இழை பார்வைக்கு நூல்போல இருந்தும் இழுத்தால் பஞ்சாகிவிடும் என்பதைக் கண்டவரே இப்படி எழுத முடியும். ‘பனுவல்’ என்ற சொல்லும் இவ்வழியே பயணம் செய்திருக்கிறது. புறநானூற்று 125ஆம் பாட்டில் அது பருத்திப் பெண்ணின் பஞ்சு; பின்வந்தோர்க்கு அது ஏடு. இந்தியாவில் இராட்டையைக் குறிக்கும் பழைய சான்று 1350ஆம் ஆண்டளவில் இசாமி எழுதிய பாரசீகக் காப்பியம் என்பது வரலாற்றறிஞர் இர்பான் ஹபீப் கருத்து. அதனை ஏற்றால் பவணந்தியார் கண்ட கதிர் சக்கரத்தோடு பூட்டப்படாத கைக்கதிராகவே இருந்திருக்கக் கூடும்.

புலவனை நூற்பவளாகக் கற்பனை செய்வது எளிது. புலவனையே நூற்கச் சொன்னால் என்ன ஆகும்? இக்கேள்வி 1921இல் நேராகவே எழுந்தது. அவ்வாண்டு ஜூலையில் வெளிநாட்டிலிருந்து திரும்பிய இரவீந்திரநாத தாகூர், நாடெங்கும் ஒரே குரலாய் ஒலித்த இராட்டை முழக்கத்தைக் கேட்டு அஞ்சினார். செப்டம்பரில் கல்கத்தா ஜொராசாங்கோ இல்லத்தில் இருவரும் சந்தித்தார்கள், சி. எப். ஆண்ட்ரூஸ் உடனிருந்தார். உடன்பாடு ஏற்படவில்லை. தாகூர் தம் மறுப்பைக் கட்டுரையாக்கினார். அக்டோபரில் ‘யங் இந்தியா’வில் காந்தி விடையிறுத்தபோது கவிஞரை நாட்டின் காவலர் என்று போற்றிவிட்டு, அவரும் மற்றவரைப் போல நூற்கவே வேண்டும் என்றார்.

1924 டிசம்பரில் பெல்காம் காங்கிரஸ், காந்தியின் தலைமையில், நாலணா சந்தாவை விலக்கி மாதம் 2000 கெஜம் நூல் தருபவரே உறுப்பினர் என விதி செய்தது. 840 கெஜம் ஒரு சிட்டம். ஒரு பவுண்டு எடையில் எத்தனை சிட்டம் அடங்குமோ அதுவே நூலின் நம்பர். அக்கணக்கில் பத்தாம் நம்பர் நூலாயின் 2000 கெஜம் ஏறக்குறைய கால் பவுண்டு. கைதேர்ந்தவருக்கு நாளொன்றுக்கு அரை மணி போதும். ஆனால் நூற்க மனமில்லாதவர் பிறர் நூற்றதைப் பெற்றுச் செலுத்தலாம் என்று விதியிலேயே வழி இருந்தது. அவ்வழியே பலரும் நடந்தார்கள். விரும்பிச் செய்ய வேண்டியதைச் சந்தாவாக்கியபோதே அதன் உயிர் போய்விட்டது எனலாம். 1925 செப்டம்பரில் பாட்னாவில் நாலணா மீண்டும் வந்தது. நூற்பைப் பேணத் தனியே அகில பாரத சர்க்கா சங்கம் பிறந்தது.

அதே செப்டம்பரில்தான் ‘மாடர்ன் ரிவியூ’ இதழில் தாகூரின் சர்க்கா வழிபாடு பற்றிய புகழ்பெற்ற கட்டுரை வெளிவந்தது. இராட்டையில் அவருக்கு ஊக்கமில்லை என்று ஆசார்ய பிரபுல்ல சந்திர ராய் கண்டித்திருந்ததே அதற்குத் தூண்டுதல். மனிதர் தேனீக்களல்லர், எல்லோரையும் ஒரே வேலையில் பூட்டுவது இயற்கைக்கு மாறு. ஒன்றையே திரும்பத் திரும்பச் செய்வது கையைத் திறமையாக்கி மனத்தை மழுக்கும். சாதிமுறை ஏற்கெனவே அத்தீங்கைச் செய்து முடித்திருக்கிறது. அவர் வாதத்தின் சாரம் இது. இறுதிக் கருத்தை இன்றும் எளிதில் தள்ள முடியாது. அவர் கைத்தொழிலுக்கு எதிரியுமல்லர்; 1922இல் ஸ்ரீநிகேதனைத் தொடங்கிக் கிராமத் தொழில்களுக்கு இடம் தந்தவர். நவம்பர் 5ஆம் நாள் காந்தியின் விடை வந்தது. கவிஞர் கவிதையை விடவேண்டாம், உழவர் ஏரை விடவேண்டாம். நாட்டு மக்களோடு ஒன்றும் அடையாளமாக நாளுக்கு அரை மணி போதும் என்றார்.

இவ்விவாதத்தைப் படிப்பவர் பெரும்பாலும் ஒரு பக்கம் சாய்ந்துவிடுகிறார்கள். உண்மையில் இருவரும் வெவ்வேறு மனிதர்களைப் பார்த்தே பேசியிருக்கிறார்கள். தாகூரின் கண்முன் நின்றவர் விருப்பமின்றி நூற்கும் கல்வியாளர். காந்தியின் கண்முன் நின்றவள் ஆண்டில் பல மாதம் வேலையற்றிருக்கும் ஏழைப்பெண். அரை மணி நூற்பவருக்கு அது தவமாகவோ இன்பமாகவோ இருக்கலாம். நேரு சிறையில் நூற்ற நூலால் ஆன சேலையை 1942இல் இந்திரா தம் திருமணத்தில் உடுத்தியது அவ்வகை. ஒரு தந்தையின் தனிமைப் பொழுதுகளுக்கு அந்நூல் சாட்சி. எட்டு மணி நூற்பவளுக்கு அது கூலி. 1925இல் இராஜாஜி திருச்செங்கோட்டை அடுத்த புதுப்பாளையத்தில் காந்தி ஆசிரமம் அமைத்ததும், திருப்பூர் தமிழகக் கதர் வணிகத்தின் தலைமையிடமானதும் இந்த இரண்டாமவளை நம்பியே. அவளுடைய கூலியோ நெடுங்காலம் மிகக் குறைவாகவே இருந்தது. கதர் மலிவாக விற்க வேண்டும் என்பதற்காக நூற்பவள் வயிற்றைக் காயவைத்தல் தகுமா என்று காந்தியே பின்னாளில் கேட்டார். 1935இல் எட்டு மணி நேர வேலைக்கு எட்டணா என்பது அவர் விருப்பமாயிற்று. சங்கம் கூலியை உயர்த்தியது, எனினும் எட்டணாவை எட்டவில்லை. கபிலர் உவமித்த மேகத்தின் கீழே அவள் அப்படியேதான் இருந்தாள்.

கூலி உயர வேண்டுமானால் ஒரு கதிர் போதாது. 1929இல் சிறந்த இராட்டைக்கு ஓர் இலட்சம் ரூபாய்ப் பரிசு அறிவிக்கப்பட்டது, எவரும் வெல்லவில்லை. 1930இல் எரவாடா சிறையில் காந்தி பழகிச் செப்பம் செய்த பெட்டி இராட்டை கையடக்கமானதே தவிர அதிலும் கதிர் ஒன்றுதான். விடை தமிழகத்திலிருந்து வந்தது. திருநெல்வேலிப் பகுதியைச் சேர்ந்த ஏகாம்பரநாதன் 1949இல் உருவாக்கிய பல்கதிர் இராட்டைக்கு அவர் பெயரின் நடுப்பகுதியே பெயராகி ‘அம்பர் சர்க்கா’ என வழங்கலாயிற்று. ஐம்பதுகளில் அரசு அதனைப் பரப்பியது. ஆலையில் இருப்பது போன்ற உருளைகள் அதில் பஞ்சை இழுத்து மெலிக்கின்றன. கதிர்கள் தாமே முறுக்கிச் சுற்றிக்கொள்கின்றன. நூற்பவர் கைப்பிடியைச் சுற்றினால் போதும். ஒரே நேரத்தில் பல இழை, ஆகவே கூடுதல் கூலி. ஆனால் இடக்கைக்கு அங்கே வேலை இல்லை. இழை தடித்தது மெலிந்தது என்று விரல் அறியவும் வாய்ப்பில்லை. 1925இல் தாகூர் இராட்டைமீது சாற்றிய குறை பழைய ஒற்றைக் கதிரைவிட இதற்கே மிகுதியும் பொருந்தும்.

ஆகவேதான் பிழைப்புக்கு நூற்பவர் அம்பருக்கு மாறிய பின்னும், விருப்பத்துக்கு நூற்கக் கற்பவர் இன்றும் பெட்டி இராட்டையையோ தக்ளியையோ எடுத்துக்கொள்கிறார்கள். வார்தாவில் 1937இல் வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தின்படி ஒரு காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் கையில் சுழன்ற தக்ளி அதுவே. முதல் நாள் நூறு முறை அறுந்தது பத்தாம் நாள் இருபது முறை அறும். அறுந்த முனையில் பஞ்சை வைத்துத் திருகினால் ஒட்டிக்கொள்ளும்.